பதினேழு வயதில் விளம்பரப் பணம்: யாரிடம், எப்படி வாங்குவது?

மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம், இன்ஸ்டாகிராமில் நன்றாக ஓடிய ஒரு ரீல். இது இரண்டும் இருந்தால் போதும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தேடி விளம்பரக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு முன்னால் கூப்பிடுகிறார். ஜிம் வைத்திருப்பவர் புரோட்டீன் டப்பாவோடு வருகிறார். பெங்களூரிலிருந்து ஒருவர் ஃபோன் போட்டு, "உங்க பொண்ணை நாங்க மேனேஜ் பண்றோம் சார்" என்கிறார். வீட்டில் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?

நான் கிருஷ்ணகிரியில் வக்கீல். விளையாட்டு எனக்கு கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் இந்த மாதிரித் தாள்களை எடுத்துக்கொண்டு வருகிற அப்பாக்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பர்கூர் பக்கத்தில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ படிக்கிறாள், ஈட்டி எறிகிறாள், பதினெட்டு முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், மாம்பழ சீசனில் மாங்கூழ் ஃபேக்டரி வேலை. அவள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பெங்களூர் ஏஜென்சியோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் போடலாம். உள்ளூர்க் கடைகளுக்கு ஒவ்வொரு வேலையாகச் செய்து காசு வாங்கலாம். விளம்பரமே வேண்டாம் என்று அரசு உதவித்தொகையை மட்டும் நம்பி இருக்கலாம். அல்லது அமெரிக்கக் கல்லூரிக்குப் போகலாம். அங்கேதான் மாணவர்கள் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்களாமே.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள் வரைக்கும் இரண்டாவது வழி, அதுவும் காசை முன்னால் வாங்கிக்கொண்டு. மூன்றாவது வழி எப்படியும் கூடவே ஓட வேண்டும், அதை விட்டுவிட்டு எதுவும் இல்லை. ஏஜென்சி பேச்சு பதினெட்டுக்கு அப்புறம். அமெரிக்கா போவதாக இருந்தால் படிப்புக்காகப் போகலாம், இந்தப் பணத்துக்காகப் போக வேண்டாம்.

வயதுதான் முதல் கேள்வி

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11ஆவது பிரிவு: மேஜர் ஆனவர்தான் ஒப்பந்தம் செய்ய முடியும். மேஜர் என்றால் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903ல் மொஹோரி பீபி வழக்கில், அந்தக் காலத்தில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்டது. கல்கத்தாவில் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய ஒரு மைனரின் வழக்கு அது. இன்றுவரைக்கும் அதுதான் சட்டம்.

"சரி சார், நான் கையெழுத்துப் போட்டால்?" என்று அப்பா கேட்பார். எல்லோரும் கேட்பதுதான். மைனரின் சொத்து விஷயத்தில் காப்பாளர் சிலவற்றைச் செய்யலாம். ஆனால் பிள்ளை தன் உடம்பாலும் முகத்தாலும் செய்ய வேண்டிய வேலைக்கு அப்பா வாக்குக் கொடுப்பது வேறு. 1949ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ராஜ் ராணி வழக்கு வந்தது. சினிமாவில் ஒரு மைனர் பெண் நடிப்பதற்காக அவள் அப்பா தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் செய்திருந்தார். பிறகு தயாரிப்பாளர் அந்த வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நஷ்டஈடு கேட்டுப் போனால், ஒப்பந்தமே செல்லாது, பெண்ணும் கேட்க முடியாது, அப்பாவும் கேட்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இங்கேதான் நம் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மைனரைக் காப்பாற்றத்தான் சட்டம் இருக்கிறது, அதனால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு தைரியம். கிழிக்கலாம், உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பும் பணம் தராமல் அதே வாசலில் வெளியே போகலாம்.

இதற்கு ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1916ல் கொடுத்த தீர்ப்பு அது. மைனர் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டு, இனி எதிராளி செய்ய வேண்டியது மட்டும் பாக்கி என்றால், அதை மைனர் கேட்டு வாங்கலாம். அந்த வழக்கில் மைனர் கொடுத்திருந்தது பணம். ஃபோட்டோவுக்கு நின்றுவிட்டு, காசு வராமல் போன பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாடுவேன். ஆனால் ஐயாயிரம் ரூபாய்க்கு அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு கோர்ட் ஏறி இறங்குவதைவிட, கேமரா முன்னால் நிற்பதற்கு முன்பே ஜிபேயில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஏஜென்சி ஒப்பந்தம்

என் மேஜைக்கு வந்த ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். மற்ற கம்பெனிகளின் தாளும் கிட்டத்தட்ட இதே அச்சுதான். முழுக்க ஆங்கிலம், வீட்டில் ஒருவருக்கும் படித்துப் புரியாது.

முதல் பக்கத்தில் எல்லாம் இனிப்பாக இருக்கிறது. மூன்றாவது பக்கத்தில், பெண்ணின் பெயர், முகம், குரல், கையெழுத்து, எறியும் தோரணை எல்லாவற்றையும் உலகம் முழுவதும், இன்றைக்கு இருக்கிற ஊடகத்திலும் இனிமேல் வரப்போகிற ஊடகத்திலும் பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கு. செயற்கை நுண்ணறிவில் அவள் குரலை உருவாக்கி ஒரு வெல்லம் விளம்பரத்துக்கு ஓட்டினாலும் அதற்குள் அடங்கிவிடும். காலம் ஐந்து வருஷம். முடிவதற்கு தொண்ணூறு நாள் முன்னால் எழுத்தில் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாக இன்னும் ஐந்து வருஷம். கமிஷன் முப்பது சதவீதம். அது பெரிய தப்பில்லை, பேசிக் குறைக்கலாம். ஆனால் எதில் முப்பது என்று பாருங்கள். "விளையாட்டு வீரர் பெறும் அனைத்து வருவாய்" என்று இருந்தது. பரிசுப் பணம், அரசு ஊக்கத்தொகை எல்லாம் அந்த "அனைத்து"க்குள் வந்துவிடும். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலிடம் வந்தால் அரசு ஒரு லட்சம் கொடுக்கிறது. ஏஜென்சி ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் அதில் முப்பதாயிரம் கேட்கலாம்.

அதைவிட மோசம் கடைசிப் பக்கம். பெண் ஒப்பந்தத்தை மீறினால் ஏற்படும் நஷ்டத்துக்கு "தந்தை தனிப்பட்ட முறையில் பொறுப்பு". பெண் மைனர், அவள் மேல் கேஸ் நிற்காது என்று கம்பெனி வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். அதனால் மேஜரான அப்பாவைப் பிடித்துப் போட்டிருக்கிறார். இது அப்பாவின் சொந்த வாக்குறுதி, தனியாகச் செல்லும் என்று வாதாட இந்த வரி இடம் கொடுக்கிறது. மகளுடைய ஒப்பந்தம் செல்லாது என்று நாம் ஜெயித்தாலும், அப்பாவின் நிலத்தின் மேல் கண் வைக்க ஒரு வழி. நான் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியதற்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரிதான் காரணம்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "பாப்பாவுக்கு மாசம் பத்தாயிரம் தர்றோம்கிறாங்க சார், நீங்க ஏன் தடுக்கிறீங்க?" என்றார். மாதம் பத்தாயிரம் தருவதாக எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் அண்ணா என்றேன். எங்கேயும் இல்லை. வருகிற விளம்பரத்தில் பங்கு என்றுதான் இருந்தது. வராவிட்டால் பங்கும் இல்லை.

தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதிலாகப் பெங்களூரில் ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்பார், அந்த நடுவரை கம்பெனியே நியமிக்கும் என்று இன்னொரு வரி. அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019லிருந்து ஏற்பதில்லை. இருந்தும் இந்த வரி எல்லா ஒப்பந்தத்திலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர்தானே என்று நினைக்காதீர்கள், வாய்தாவுக்கு வாய்தா போய்வந்தால்தான் அந்தத் தூரம் தெரியும்.

ஏஜென்சியிடமிருந்து மீண்ட ஒருவருடைய வழக்கும் இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் ஒரு நிர்வாக நிறுவனத்தோடு 2000ல் மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டார். காலம் முடிந்த பிறகும், வேறு யாராவது வாய்ப்புக் கொடுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடம் காட்டி, அதே தொகைக்கு அவர்கள் சரி என்றால் அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை அதில் இருந்தது. அவர் வேறு இடத்துக்குப் போனபோது நிறுவனம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2006ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு ஒருவரின் தொழிலைக் கட்டிப்போடும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது காப்பாற்றுவது காலம் முடிந்த பிறகுதான். ஐந்து வருஷம் ஓடிக்கொண்டிருக்கும்போது "வேறு யாருக்கும் செய்யக்கூடாது" என்பது பொதுவாகச் செல்லும். ஈட்டி எறிகிற பெண்ணுக்கு பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வரைக்கும் அந்த ஐந்து வருஷம் என்றால், பாதி விளையாட்டு வாழ்க்கை போயிற்று.

ஏஜென்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021ல் பி.வி. சிந்து டோக்கியோவில் வெண்கலம் வாங்கினார். அனுமதி கேட்காமல் அவர் படத்தையும் பெயரையும் போட்டு வாழ்த்து விளம்பரம் செய்த பிராண்டுகளுக்கு அவருடைய நிர்வாக நிறுவனம்தான் வரிசையாக நோட்டீஸ் அனுப்பியது. இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. பிரபலமானவரின் பெயரும் உருவமும் அவருடையதே, அனுமதியில்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது என்று 2015ல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த உரிமை பெயருக்கு மதிப்பு வந்த பிறகு கைகொடுக்கிற உரிமை. மாவட்ட அளவில், மாநில அளவில் இருக்கும் பிள்ளைக்கு ஏஜென்சி காவல் காக்க இன்னும் ஒன்றும் சேரவில்லை. சேருவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வருகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. நம் ஊரில் விளையாட்டுப் பிள்ளையைப் பெற்றவர்களின் கனவு பெரும்பாலும் ரயில்வே, போலீஸ், அல்லது மாநில அரசின் மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அரசு வேலையில் சேர்ந்தவுடன் நடத்தை விதிகள் வந்துவிடும். அனுமதி இல்லாமல் வெளியில் சம்பாதிக்கும் வேலை எடுக்க முடியாது. ஐந்து வருஷ ஏஜென்சி ஒப்பந்தத்தை மடியில் வைத்துக்கொண்டு இருபது வயதில் வேலையில் சேர்ந்தால், ஒரு பக்கம் துறை, ஒரு பக்கம் கம்பெனி. ஹரியானாவில் 2018ல் அரசு ஒரு படி மேலே போய், அரசுப் பணியில் இருக்கும் வீரர்கள் தொழில்முறை விளையாட்டிலும் விளம்பரத்திலும் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கை மாநில விளையாட்டுக் கவுன்சிலுக்குக் கட்ட வேண்டும் என்று அறிவித்தது. வீரர்கள் கொதித்தெழுந்தார்கள், அறிவிப்பை நிறுத்திவைத்தார்கள். அப்படி ஒரு எண்ணம் அரசுக்கு வரும் என்பதாவது அதில் தெரிந்தது.

உள்ளூர்க் கடை

இதில் காசு குறைவு. ஒரு கடை திறப்பு விழாவுக்கு ரிப்பன் பிடித்தால், ஒரு ரீல் எடுத்தால் சில ஆயிரம், கூட ஒரு பட்டுப்பாவாடை. ஆனால் ஆளைத் தெரியும், கடை எங்கே இருக்கிறது என்று தெரியும், ஏமாற்றினால் ஊரில் பேச்சு வரும். சட்டத்தைவிட இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஆபத்து இங்கே வேறு மாதிரி வருகிறது. முதலில் ஃப்ளெக்ஸ். "ஒரு ஃபோட்டோதானே பாப்பா" என்று எடுத்துக்கொண்டு போவார்கள். பொங்கலுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பெங்களூர் ரோட்டில் வெயிலில் வெளுத்துப்போய் அடுத்த பொங்கல் வரைக்கும் நிற்கும். அந்தப் படத்தை அதே கடையின் சேலம் கிளைக்கும் அனுப்பியிருப்பார்கள். நாளைக்கு வேறொரு பெரிய ஜவுளிக்கடை கூப்பிடும்போது, "ஏற்கெனவே அவங்க முகமாச்சே" என்று கை நழுவிப் போகும். அதனால் ஒரே ஒரு பக்கம், தமிழில், கடிதம் மாதிரி எழுதி வாங்குங்கள். என்ன வேலை, எத்தனை படம், எந்தக் கடையில், எந்தத் தேதி வரைக்கும், எவ்வளவு தொகை. தேதி முடிந்தால் ஃப்ளெக்ஸை இறக்கி, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் இருப்பதை எடுத்துவிட வேண்டும். வேறு கடைக்குச் செய்யக்கூடாது என்ற பேச்சே அதில் இருக்கக்கூடாது. மைனர் விஷயம் என்பதால் இந்தக் கடிதத்தை வைத்து வேலை நடக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எதற்குச் சம்மதித்தோம், எதற்குச் சம்மதிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

அந்த ஃபோட்டோவுக்கு 'தமிழ்நாடு' என்று எழுதிய ஜெர்சியோ, பள்ளிக்கூட யூனிஃபார்மோ போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அந்தப் பெயரும் முத்திரையும் உங்களுடையது இல்லை. தேசியக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு நகைக்கடை விளம்பரமும் கூடாது. கொடியையும் அரசுச் சின்னங்களையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

அப்புறம், வாயில் வரும் வார்த்தை. நகைக்கடைக்காரர் எழுதிக் கொடுப்பதை அப்படியே படித்து, "சேதாரமே இல்லை, நான் இங்கதான் வாங்குறேன்" என்று பெண் சொல்கிறாள். சேதாரத்தை வேறு பெயரில் பில்லில் போட்டிருந்தால்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்தில் நடித்தவருக்கும் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. சொல்வது உண்மையா என்று விசாரித்துவிட்டுத்தான் சொன்னேன் என்று காட்ட முடிந்தால் தப்பலாம். காசு வாங்கிப் போட்ட பதிவு என்றால் விளம்பரம் என்று பளிச்சென்று தெரிகிற மாதிரி எழுதவும் வேண்டும். டெல்லியில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கிருஷ்ணகிரி நகைக்கடை ரீலைத் தேடிக்கொண்டு வருமா என்றால், வராமல் போகலாம். ஆனால் ஏமாந்த பக்கத்து ஊர்க்காரர் வருவார். 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணத்தைப் போட்டுவிட்டு நின்றவர்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். விளம்பரத்தில் வந்த சினிமா முகங்களைத்தான் அவர்கள் இன்னும் திட்டுகிறார்கள். மாதாமாதம் வட்டி, இரட்டிப்புப் பணம் என்று எது வந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஆன்லைன் சூதாட்டம் பற்றிப் பேசவே வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்கு விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம். வெளிநாட்டு ஆப் என்று சொல்லி ஒரு ரீலுக்கு இருபதாயிரம் தருகிறேன் என்று மெசேஜ் வந்தால் ப்ளாக் செய்யுங்கள்.

புரோட்டீன் டப்பாவுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். இளம் வீரர்களுக்கு அதிகமாக வருவது இந்த விளம்பரம்தான். ஊக்கமருந்து விதி ரொம்பக் கறாரானது. உடம்பில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் வீரர்தான் பொறுப்பு. டப்பாவில் எழுதியிருக்கவில்லை, கலப்படம் என்று எனக்குத் தெரியாது என்றால் தண்டனை குறையலாம், பதக்கம் திரும்பி வராது. நான்கு வருஷம் வரை தடை போகும். விளம்பரம் செய்கிற பெண் அந்தப் பவுடரை ஒரு நாளாவது கலக்கிக் குடிக்காமல் ரீல் எடுக்க முடியுமா? அப்படிக் குடித்தால் விளையாட்டுக்கு ஆபத்து. குடிக்காமல் "நான் தினமும் குடிக்கிறேன்" என்றால் மேலே சொன்ன பொய் விளம்பரம். இரண்டு பக்கமும் அடி. எவ்வளவு கொடுத்தாலும் இது வேண்டாம்.

வரி பற்றி நிறைய பேர் பயப்படுகிறார்கள், அவ்வளவு பயம் தேவையில்லை. மைனரின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். ஆனால் பிள்ளை தன் சொந்தத் திறமையால், உழைப்பால் சம்பாதித்தது அதில் சேராது, அது பிள்ளையின் தனிக் கணக்கு. அந்தப் பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு வட்டி வந்தால், வட்டி மட்டும் பெற்றோர் வருமானத்தில் சேரும். இந்த வித்தியாசம் ஆடிட்டர்களுக்கே சில நேரம் நழுவிவிடுகிறது. மைனருக்கும் பான் கார்டு வாங்கலாம். பான் இல்லாமல் போனால் பிடித்தம் இருபது சதவீதம். பெரிய கம்பெனி ஒன்று முப்பதாயிரம் ரூபாய் ஃபோனை "வைத்துக்கொள்" என்று கொடுத்தாலும் அது வருமானம்தான். ஒரு வருஷத்தில் இப்படிக் கொடுத்தது இருபதாயிரத்தைத் தாண்டினால் பத்து சதவீத வரியைக் கழிக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அவர்களே இயக்கும் சேமிப்புக் கணக்கை பல வங்கிகள் தருகின்றன. காசு அந்தக் கணக்குக்கு நேராகப் போகட்டும். அப்பா கணக்குக்கு வந்தால் யாருடைய வருமானம் என்று பின்னால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். யூடியூப் மட்டும் இதில் தலைவலி: பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கணக்கு வழியாகத்தான் பணம் வரும்.

வீட்டில் பதினான்குக்குக் கீழே தம்பி, தங்கை இருந்து அவர்களையும் விளம்பரத்துக்குக் கேட்டால் சட்டமே வேறு. குழந்தைத் தொழிலாளர் விதிகள்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் இருபது சதவீதமாவது குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர் யாரும் இதைச் செய்வதாக நான் பார்க்கவில்லை.

அரசுப் பணம்

இதில் சட்டச் சிக்கல் குறைவு, அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு வருஷத்துக்கு 6.28 லட்சம் என்று கணக்கு. அதில் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அடங்கும். கைக்கு வருவது மாதம் பத்தாயிரம். மாநிலத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் உதவித் திட்டங்களும் இருக்கின்றன. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. ஒரு நல்ல கல்லூரி இடத்தின் மதிப்பை ஐந்து வருஷ ரீல் காசோடு போட்டுப் பாருங்கள், எது கனம் என்று தெரியும். விடுதியிலோ அகாடமியிலோ சேர்ந்திருந்தால், சேரும்போது கொடுத்த உறுதிமொழித் தாளை எடுத்துப் படியுங்கள். வெளி விளம்பரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒரு ஜவுளிக்கடை ரீலுக்காக விடுதி இடத்தைப் பணயம் வைக்கக்கூடாது.

அமெரிக்கா

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு பல காலம் மாணவர் தன் பெயரை வைத்து ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது என்று கட்டிவைத்திருந்தது. எட் ஓபானன் என்ற பழைய கூடைப்பந்து வீரர் ஒரு வீடியோ கேமில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு 2009ல் வழக்குப் போட்டார். 2019ல் கலிபோர்னியா மாநிலம் மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூனில், மாணவ வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த பத்தே நாளில், ஜூலை 1ல், என்சிஏஏ கதவைத் திறந்துவிட்டது. 2025 ஜூனில், மாணவ வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, கல்லூரிகளே மாணவர்களுக்கு நேராகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. 2025-26ல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் நம் பிள்ளைகள் கனவு காண்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. ஈட்டிக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதைவிட முக்கியம் விசா. நம் பிள்ளை போவது எஃப்-1 மாணவர் விசாவில். அதில் அனுமதியில்லாமல் கல்லூரிக்கு வெளியே வேலை செய்தால் விசா தகுதியே போய்விடும். விளம்பரத்தில் நடிப்பது வேலையா இல்லையா என்பதில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தெளிவான பாதுகாப்பு எதையும் அந்த நாட்டு அரசு கொடுக்கவில்லை. பர்டியூ கல்லூரிக்கு ஆடிய ஜாக் ஈடி நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்று பெயர் வாங்கியவர். கனடாக்காரர் என்பதால் கூட ஆடிய அமெரிக்கப் பையன்கள் மாதிரி அவரால் சம்பாதிக்க முடியவில்லை. கென்டக்கி கல்லூரிக் கூடைப்பந்து அணியின் ஆஸ்கர் ஷீப்வே காங்கோ நாட்டுக்காரர். 2022ல் அணி பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருக்கிறோம் என்று அங்கே வைத்தே விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய வீரருக்கே இந்தப் பாடு.

அதே தந்திரம் நம் பெண்ணுக்கும் உதவும்: லீவுக்கு ஊருக்கு வரும்போது ஓசூரிலோ சென்னையிலோ ஷூட்டிங் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் அங்கே ஒரு குடியேற்ற வக்கீலிடம், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

அமெரிக்கா போக எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். என்சிஏஏ விதியில் விளம்பரத்துக்கு ஆள் பார்க்கும் முகவர் வேறு, விளையாட்டுத் திறமையை விற்றுக் கொடுக்கும் முகவர் வேறு. முதலாமவரை வைத்துக்கொள்ளலாம். இரண்டாமவரோடு கையெழுத்துப் போட்டால் கல்லூரியில் ஆடும் தகுதிக்கே பிரச்சினை வரும். மேலே நான் பிரித்துக் காட்டிய ஒப்பந்தத்தில் "அனைத்து வருவாய்", "போட்டிகளில் பங்கேற்பு" எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடந்தது. பதினேழு வயதில் ஓசூரில் போட்ட கையெழுத்து பத்தொன்பது வயதில் வெளிநாட்டில் இடிக்கலாம்.

ஆளைப் பொறுத்து மாறுமா?

மாறும். தேசிய அளவில் பதக்கம் வாங்கி, ஆசியப் போட்டிக்கு முகாமில் இருக்கும் பத்தொன்பது வயதுக்காரர் என்றால் நான் ஏஜென்சியைத்தான் முதலில் சொல்வேன். இரண்டு வருஷம், தானாகப் புதுப்பிக்காத ஒப்பந்தம், அவர்கள் கொண்டுவந்த விளம்பரத்தில் மட்டும் கமிஷன், பரிசுப் பணத்தையும் அரசுத் தொகையையும் தொடக்கூடாது. பதினைந்து வயதுப் பையன் என்றால் உள்ளூர்க் கடைகூட இப்போதைக்கு வேண்டாம், பயிற்சி நேரம் போகிறது. கபடி ஆடும் கல்லூரிப் பையன்கள் ஊர் ஊராகப் போட்டிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு டீம் ஸ்பான்சர் யாரென்று பார்த்துவிட்டுத் தனி விளம்பரம் எடுக்கச் சொல்வேன். டீமுக்கு ஒரு டிராக்டர் கம்பெனி, ஆளுக்கு வேறொரு டிராக்டர் கம்பெனி என்று ஆனால் கேப்டனோடு சண்டை வரும்.

பர்கூர்ப் பெண்ணுக்கு இந்த எட்டு மாதத்தில் இரண்டு மூன்று கடை வேலை வந்தால் போதும். பதினெட்டு முடிந்ததும் பான் கார்டில் அவளுடைய கையெழுத்தையும் படத்தையும் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கையும் மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். முன்பே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அதே வாரத்தில் ஏஜென்சிக்காரர் மறுபடி வருவார், கையில் ஒரே ஒரு பக்கம் இருக்கும்: "மைனராக இருந்தபோது செய்த ஒப்பந்தத்தை உறுதி செய்கிறேன்". அதில் கையெழுத்துப் போட வேண்டாம். மைனராகச் செய்ததை மேஜரான பிறகு உறுதி செய்து உயிர்கொடுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கம்பெனி அந்த ஒரு பக்கத்தையே புது ஒப்பந்தம் என்று காட்டப் பார்க்கும். வேலை வேண்டும் என்றால் புதிதாக, முழுசாக, தமிழில் ஒரு பிரதியோடு எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். படித்துப் பார்க்க ஒரு வாரம் கேளுங்கள்.